ஸ்டாம்புக் காகிதத்தில் கைநாட்டு வைக்கும் முன்

(மும்பையில் நமது சங்கக் கிளையின் மாதாந்தரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்தில் எழுந்த கேள்விகளுக்குச் சொன்ன பதில்களும் ஆங்காங்கே சேர்க்கப்பட்டுள்ளன.)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது சாவைப் பற்றிய விஷயம். நோயில் போகிறவர், வயதாகிப் போகிறவர் கதை வேறு. யாரோ ஒருவருடைய அஜாக்கிரதையால், யாரோ ஒருவருடைய லாப ஆசையால் காலத்துக்கு முன்னால் போய்விட்டவருடைய குடும்பத்துக்குச் சட்டப்படி என்னென்ன பணம் சேர வேண்டும் என்பதைத்தான் பேசப் போகிறோம். "எழவு வீட்டில் பணப் பேச்சா?" என்று நம்மவர்கள் கூசுகிறார்கள். அந்தக் கூச்சம் நமக்குத்தான் இருக்கிறது. காண்டிராக்டருக்கு இல்லை, லாரி முதலாளிக்கு இல்லை, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் இல்லை. பிரேதம் மார்ச்சுவரியில் கிடக்கும்போதே அவர்கள் ஆள் கணக்கோடு வந்து நிற்கிறான்.

எங்கள் கிளைக்கு வந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நாக்காவில் நின்று வேலைக்குப் போனவர். கட்டடத்தில் சாரம் சரிந்து விழுந்து இறந்துபோனார். வயது முப்பத்திரண்டு. அன்று இரவே முகாதம் வந்தான். பிரேதத்தை ஊருக்குக் கொண்டுபோக வண்டி ஏற்பாடு செய்தான், கையில் எழுபத்தைந்தாயிரம் ரூபாய் கொடுத்தான், மராத்தியில் எழுதிய ஸ்டாம்புக் காகிதம் ஒன்றை நீட்டினான். அந்தச் சகோதரி கைநாட்டு வைத்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்று காரியமெல்லாம் முடிந்து இங்கே திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது: "முழு நஷ்டஈடும் பெற்றுக்கொண்டோம், இனி எங்களுக்கு எந்தப் பாத்யதையும் இல்லை."

அந்தக் காகிதத்துக்குச் சட்டத்தில் மதிப்பே கிடையாது. இன்றைக்கு வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். வேலையில் இறந்த தொழிலாளிக்கான நஷ்டஈட்டை முதலாளி குடும்பத்தின் கையில் கொடுக்கக்கூடாது. அதற்கென்று இருக்கும் அதிகாரியிடம் கட்ட வேண்டும். அவர் மனைவிக்கு இவ்வளவு, பிள்ளைகளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பார். நேரில் கொடுத்தது, சொற்பமான முன்பணக் கழிவு தவிர, நஷ்டஈடாகக் கணக்கிலேயே வராது. உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தமும் செல்லாது. 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்திலேயே இது இருந்தது. அந்தச் சட்டத்தை 2020ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் கொண்டுபோய், 2025 நவம்பர் 21 முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். தொகுப்பிலும் இந்தப் பாதுகாப்பு இருக்கிறது. ஏன் இப்படி ஒரு விதி வைத்தார்கள்? வெள்ளைக்காரன் காலத்திலேயே முகாதம் இருந்தான், ஸ்டாம்புக் காகிதம் இருந்தது, கைநாட்டும் இருந்தது.

கொஞ்சம் பழைய கதையும் தெரிந்துகொள்வது நல்லது. இங்கிலாந்தில் 1808இல் ஒரு தீர்ப்பு. ஒரு மனிதன் செத்தது சிவில் கோர்ட்டில் நஷ்டம் என்று சொல்லி வழக்காட முடியாது என்றது அந்தத் தீர்ப்பு. காலை உடைத்தால் நஷ்டஈடு, ஆளையே கொன்றுவிட்டால் ஒன்றுமில்லை! இன்னொரு வேடிக்கையும் அங்கே இருந்தது: ஆளைக் கொன்ற பொருளுக்கு அபராதம். மாடு முட்டினால் மாட்டுக்கு, வண்டி ஏறினால் வண்டிக்கு. அந்தப் பணமும் செத்தவன் வீட்டுக்குப் போகாது. அரசனுக்கோ நிலத்துக்கு உடையவனுக்கோ போகும். 1841இல் கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் லண்டனுக்கு மேற்கே சானிங் என்ற இடத்தில் மண் சரிவில் ஒரு ரயில் மோதியது. இறந்தவர்களில் பலர் லண்டனில் பார்லிமெண்டுக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்த கல்தச்சர்கள். பண்டிகைக்கு ஊருக்குப் போனவர்கள், திறந்த வண்டியில் சரக்கோடு சரக்காக. நம்மைப் போன்றவர்கள்தான். ஜூரிகள் ரயில் எஞ்சினுக்கு ஆயிரம் பவுன் அபராதம் போட்டார்கள். அதன் பிறகுதான் 1846இல் காம்பெல் பிரபுவின் சட்டம் வந்து, இறந்தவருடைய குடும்பம் வழக்காடலாம் என்று ஆயிற்று. அதே ஆண்டில் பொருளுக்கு அபராதம் போடும் வழக்கமும் ஒழிந்தது. 1853இல் போரிபந்தரிலிருந்து தானேவுக்கு முதல் ரயில் ஓடியது. இரண்டே வருஷத்தில், 1855இல், அந்த இங்கிலாந்துச் சட்டத்தைப் பார்த்து இந்தியாவுக்கும் உயிரிழப்பு விபத்துச் சட்டம் வந்தது.

அந்த 1855 சட்டம் செத்துவிடவில்லை. தனிச் சட்டம் இல்லாத இடத்திலெல்லாம் அதுதான் கைகொடுக்கிறது: சுவர் இடிந்து விழுந்தது, அறுந்து தொங்கிய மின்கம்பியை மிதித்தது போன்றவை. மனைவி அல்லது கணவன், பெற்றோர், பிள்ளைகள் கேட்கலாம். கெடு இரண்டு வருஷம். மின்சாரக் கம்பி விஷயத்தில் 2002இல் சுப்ரீம் கோர்ட் திட்டவட்டமாகச் சொன்னது: ஆபத்தான பொருளைக் கையாளுகிறவன், தன்மேல் அஜாக்கிரதை இல்லை என்று காட்டினாலும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. நம் நகரத்தில் மழைக்காலத்துக் குழியும் திறந்து கிடக்கும் சாக்கடை மூடியும் எத்தனை பேரைக் கொண்டுபோகின்றன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2025 அக்டோபரில் பம்பாய் ஹைகோர்ட் அப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது.

இனி விஷயத்தின் கருவுக்கு வருவோம். நஷ்டஈடு என்றால் மொத்தமாக ஒரு தொகை என்று நாம் நினைக்கிறோம். "எவ்வளவு தருவார்கள்?" என்றுதான் கேட்கிறோம். அது ஒரு தொகையில்லை, பல தொகைகளின் கூட்டு. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனிக் காரணம், தனி உடையவர். மளிகைக் கடைச் சீட்டைப் போல ஒவ்வொரு வரியாகப் பார்க்க வேண்டும். மொத்தத்தை மட்டும் பார்க்கிறவனை ஏமாற்றுவது சுலபம்.

மோட்டார் விபத்தை எடுத்துக்கொண்டால் இது தெளிவாக விளங்கும். முதல் வரி, ஆதரவு இழப்பு. அவர் உயிரோடு இருந்திருந்தால் குடும்பத்துக்கு எவ்வளவு சம்பாதித்துக் கொடுத்திருப்பார் என்ற கணக்கு. சுப்ரீம் கோர்ட் 2009இல் சர்லா வர்மா வழக்கில் இதற்கு வாய்பாடு போட்டது. 2017 அக்டோபர் 31இல் பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அதைச் செப்பனிட்டார்கள். அதே திருநெல்வேலிக்காரர் சாரத்திலிருந்து விழாமல் லாரி மோதி இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பாத்தியம் ரூ. 12,000. நாளைக்கு உயர்ந்திருக்குமே, அதற்காக 40 சதவீதம் சேர்க்க வேண்டும்; நாற்பது வயதுக்குக் கீழே சொந்தத் தொழிலோ நிலையில்லாத வேலையோ பார்த்தவருக்கு அதுதான் விகிதம். நிரந்தர வேலைக்காரருக்கு 50. ஆக ரூ. 16,800. அவர் தனக்கென்று செலவழித்திருப்பதைக் கழிக்க வேண்டும். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாயார் என்று நான்கு பேர் நம்பியிருந்ததால் கால் பங்கு கழியும். மீதி ரூ. 12,600. வருஷத்துக்கு ரூ. 1,51,200. முப்பத்தொன்றிலிருந்து முப்பத்தைந்து வயதுக்குப் பெருக்கும் எண் 16. பெருக்கினால் ரூ. 24,19,200.

சிறு பிள்ளைகளுக்குப் பெருக்கல் கற்றுக் கொடுப்பதுபோல் இருக்கிறதே என்று சிரிக்காதீர்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆள் "பத்து லட்சத்துக்கு ராஜியாகிவிடுங்கள், உடனே செக்" என்று சொல்லும்போது இந்தப் பெருக்கல் தெரிந்திருந்தால் ஒரு பதில் சொல்லலாம்.

அடுத்த வரி, துணையை இழந்ததற்கு. மனைவிக்குக் கணவனுடைய துணை போயிற்று. பிள்ளைகளுக்குத் தகப்பனுடைய அரவணைப்பு போயிற்று. வயதான தாய்க்கு மகனுடைய ஆதரவு போயிற்று. முன்பு மனைவிக்கு அல்லது கணவனுக்கு மட்டும் என்று வைத்திருந்தார்கள். 2018இல் மேக்மா இன்ஷூரன்ஸ் வழக்கில் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் தனித்தனியாக உண்டு என்று ஆயிற்று. இதன் அளவு 2017இன்படி தலைக்கு 40,000 ரூபாய்; மூன்று வருஷத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் கூட வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. 2013இல் இதே கோர்ட் மனைவிக்கு ஒரு லட்சம் என்று சொல்லியிருந்தது. பிறகு நாற்பதாயிரமாகக் குறைத்தார்கள். கணவனுடைய துணைக்கு நாற்பதாயிரம் என்று எந்தத் தராசில் நிறுத்தார்களோ!

அதோடு இறந்தவருடைய ஆஸ்தி இழப்புக்கு 15,000, ஈமச் செலவுக்கு 15,000. இவையும் அதே போல உயரும். நான்கு பேருக்குத் துணையிழப்பும் இந்த இரண்டும் சேர்த்தால் 1,90,000. மொத்தம் ரூ. 26,09,200. விபத்தன்றே போகாமல் ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்து இறந்திருந்தால் மருந்துச் செலவு, அந்த நாட்களின் சம்பளம், கூட இருந்து பார்த்தவரின் செலவு எல்லாம் தனி வரிகள். ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். இதற்கு மேல் மனுப் போட்ட நாளிலிருந்து வட்டியும் கேட்க வேண்டும்.

இந்தக் கணக்கின் அநியாயத்தையும் சொல்லாமல் விட முடியாது. எல்லாம் சம்பாத்தியத்தில் தொங்குகிறது. அதே லாரி, அதே ரோடு, அதே வயது. ஆபீசருக்குக் கோடி, நாக்காக் கூலிக்கு லட்சங்கள். கொல்கத்தாவில் ஒரு ஆஸ்பத்திரி வழக்கில் 2013இல் சுப்ரீம் கோர்ட் சுமார் 6 கோடி ரூபாய் கொடுத்தது. இறந்தவர் அமெரிக்காவில் வாழ்ந்து படித்தவர். அந்தக் குடும்பம் பதினைந்து வருஷம் போராடி வாங்கியது. அதில் நமக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் நம் வீட்டுச் சாவுக்குத் தராசே வேறாக இருக்கிறது. சம்பாத்தியம் குறைவு என்பது ஒன்று. இருக்கிற சம்பாத்தியத்துக்கும் காகிதம் இல்லை என்பது இன்னொன்று. 12,000 சம்பாதித்தவரை 8,000 என்று எதிர்க்கட்சி வக்கீல் வாதித்து வென்றால், மேலே சொன்ன 24,19,200 என்பது 16,12,800 ஆகிவிடும். எட்டு லட்சத்து ஆறாயிரத்து நானூறு ரூபாய் போயிற்று, ஒரு சம்பளச் சீட்டு இல்லாமல்!

ஆகவே, உயிரோடு இருக்கும்போதே காகிதம் வையுங்கள். கூலியை முடிந்தவரை பாங்கிக் கணக்கிலோ போனிலோ வாங்குங்கள். முகாதம் கைநோட்டில் எழுதும் ஹாஜரைப் போனில் படம் எடுத்து வையுங்கள். ஊருக்கு மாதாமாதம் அனுப்பும் பணத்தின் கணக்கும் ஒரு சாட்சிதான்: மாதம் ஏழாயிரம் ஊருக்கு அனுப்பினவர் எட்டாயிரம்தான் சம்பாதித்தார் என்றால் மும்பையில் காற்றையா குடித்தார்? ஒரு காகிதமும் இல்லையென்றால் கோர்ட் குறைந்தபட்சக் கூலி அறிவிப்பைப் பார்க்கும். ஆனால் அதுவே எல்லை அல்ல என்று 2021இல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. கூட வேலை செய்தவர் சாட்சி சொல்லலாம். அந்தச் சாட்சிக்குப் போக நம்மவர்கள் ஒரு நாள் கூலியை நினைத்துத் தயங்குகிறார்கள். இங்கே இருக்கிற தோழர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கூட்டத்தில் ஒரு தாய் கேட்டார்: "நாங்கள் செத்தால் கணக்கு என்ன? எங்களுக்குத்தான் சம்பளமே இல்லையே?" சரியான கேள்வி. 1989 மார்ச்சில் ஜாம்ஷெட்பூரில் ஒரு விழாவில் தீப்பிடித்துப் பல பெண்களும் குழந்தைகளும் இறந்தார்கள். லதா வாத்வா வழக்கு என்று பெயர். 2001இல் தீர்ப்பு வந்தபோது, வீட்டை நடத்தும் பெண்ணின் உழைப்புக்கு மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்புப் போட்டார்கள். 2021 ஜனவரியில் கீர்த்தி என்ற வழக்கில் சுப்ரீம் கோர்ட் இன்னும் தெளிவாகப் பேசியது. சர்க்காரின் 2019ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பைச் சுட்டிக்காட்டி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம் செலவிடுகிறார்கள் என்றது. அந்த உழைப்புக்குச் சம்பாத்தியம் கற்பிக்க வேண்டும், எதிர்கால உயர்வையும் சேர்க்க வேண்டும் என்றது. ஆகவே "வீட்டில் சும்மா இருந்தார்" என்று மனுவில் எழுத விடாதீர்கள். எத்தனை பேருக்குச் சமைத்தார், யாரைப் பார்த்துக்கொண்டார், எந்த மாமியாரைக் குளிப்பாட்டினார், வீட்டிலிருந்தபடியே என்ன கோத்தார், என்ன இட்லி விற்றார் என்று எழுதச் சொல்லுங்கள்.

மோட்டார் விஷயத்தில் இன்னும் மூன்று விவரம். மோதிய வண்டி ஓடிவிட்டது, யாரென்றே தெரியவில்லை என்றாலும் 2 லட்சம் உண்டு. 2022 ஏப்ரலுக்கு முன் இது 25,000 ஆக இருந்தது. யார் தப்பு என்று நிரூபிக்காமலே கேட்கும் வழியும் உண்டு. அதில் சாவுக்கு 5 லட்சம். மூன்றாவது, கெடு. 2022 ஏப்ரல் 1 முதல் ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. அதை எதிர்த்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று என்பதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். ஆறு மாதத்துக்குள் போடுங்கள்.

வேலையிடத்துச் சாவுக்கு வாய்பாடு வேறு. சம்பளத்தில் பாதி, வயதுக்கான எண்ணால் பெருக்க வேண்டும். முப்பத்திரண்டு வயதுக்கு அந்த எண் 203.85. அந்தத் திருநெல்வேலிக் குடும்பத்துக்கு 6,000 பெருக்கல் 203.85, அதாவது ரூ. 12,23,100. முகாதம் கொடுத்தது எழுபத்தைந்தாயிரம்! மோட்டார் கணக்கைவிட இது குறைவு. ஆனால் இங்கே முதலாளியின் தப்பை நிரூபிக்க வேண்டியதில்லை. தொழிலாளியே பெல்ட் போடவில்லை என்று சொல்லியும் சாவு விஷயத்தில் தப்ப முடியாது. காண்டிராக்டர் ஓடிவிட்டால் வேலையைக் கொடுத்த பெரிய முதலாளி கட்ட வேண்டும். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் வருஷத்துக்கு 12 சதவீத வட்டி. தகுந்த காரணமில்லாமல் இழுத்தால் பாதி வரை தண்டத் தொகை. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில், வேலை முடிந்து வரும் வழியில் நேர்ந்த விபத்தும், வேலையோடு சம்பந்தம் காட்டினால், வேலையில் நேர்ந்ததாகவே கொள்ளப்படும். புதிய தொகுப்பில் இது வெளிப்படையாக இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. கார்டு உள்ளவருக்கு இந்த மொத்தத் தொகை இல்லை, பதிலாக மாதாமாதம் ஆதரவாளர் உதவி வரும்.

சாக்கடைக் குழியில் இறங்கி மூச்சடைத்துச் சாகிறவர்களில் நம் ஊர்க்காரர்கள், அதிலும் தலைமுறை தலைமுறையாக இந்த வேலையிலேயே தள்ளப்பட்ட சாதியைச் சேர்ந்தவர்கள், எத்தனை பேர் என்று இந்தக் கூட்டத்துக்குத் தெரியும். ஆளை இறக்குவதே குற்றம். 2014 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் என்றது. 2023 அக்டோபர் 20இல் அதை 30 லட்சமாக்கியது. இங்கே சம்பளச் சீட்டும் வேண்டாம், பெருக்கலும் வேண்டாம். காண்டிராக்டர் "என் ஆள் இல்லை" என்பான். முனிசிபாலிட்டி "எங்களுக்குத் தெரியாது" என்னும். யாருடைய சாக்கடை என்று கேளுங்கள். சாக்கடைக்கு உடையவன் ஒருவன் உண்டு.

இனி எங்கள் இலாகா. நாங்கள் ரயில்வேயில் கோப்புப் புரட்டிப் பிழைக்கிறவர்கள். "இலாகாவுக்கு எதிராகவே மனுப் போடச் சொல்லிக் கொடுக்கிறீர்களே" என்று ஒரு நண்பர் வேடிக்கையாகக் கேட்டார். பார்லிமெண்ட் கொடுக்கச் சொன்ன பணத்தைக் கேட்பதில் எதிர்ப்பு எங்கே வந்தது?

1989ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தில் இரண்டு விதம். ரயில் மோதியது, தடம் புரண்டது போன்ற விபத்து ஒன்று. ஓடும் ரயிலிலிருந்து பயணி தவறி விழுவது போன்ற அசம்பாவிதம் இன்னொன்று. இரண்டிலும் சாவுக்கு 8 லட்சம். ரயில்வே மேல் தப்பு இருக்க வேண்டியதில்லை. முதல் வகுப்புப் பயணிக்கும் அதுதான், லோக்கலில் தொங்கிக்கொண்டு போனவருக்கும் அதுதான். மோட்டார்ச் சட்டத்தில் இல்லாத சமத்துவம் இங்கே இருக்கிறது. ஆனால் அந்தச் சமத்துவத்தை எந்த உயரத்தில் வைத்தார்கள் என்று பாருங்கள். 1997 நவம்பரில் 4 லட்சம். பத்தொன்பது வருஷம் ஒரு பைசா ஏறவில்லை. 2017 ஜனவரி 1இல் 8 லட்சம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தானாக ஏறும் ஏற்பாடு இந்தத் தொகைக்கு இல்லை. நமது சங்கம் கேட்க வேண்டியது இதைத்தான் என்பது எங்கள் கருத்து.

"கதவோரம் நின்றார், அவர் தப்பு" என்பார்கள். 2010இல் ஜமீலா வழக்கில், திறந்த கதவில் நின்றது அஜாக்கிரதையாகவே இருந்தாலும் நஷ்டஈட்டை மறுக்க அது காரணமாகாது என்று தீர்ப்பாகிவிட்டது. ஏற முயன்று விழுந்ததும் சேரும் என்று 2008 தீர்ப்பு. தற்கொலை, குற்றச் செயல், குடிபோதை, புத்தி சுவாதீனமின்மை, நோயால் சாவு, இவைதான் விலக்கு. 2025 ஜூன் 9இல் மும்ப்ரா வளைவில் நெரிசல் தாங்காமல் லோக்கலிலிருந்து விழுந்து மடிந்தவர்களை நினைத்துப் பாருங்கள். உள்ளே நிற்க இடம் இருந்தால் யாராவது வாசலில் தொங்குவார்களா?

தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டவருக்கு இந்தச் சட்டத்தில் ஒன்றும் கிடையாது. ஆகவே முதல் காகிதத்தில் என்ன எழுதுகிறார்கள் என்பதில்தான் எட்டு லட்சமும் இருக்கிறது. ஸ்டேஷன் மாஸ்டரின் மெமோ, ரயில்வே போலீசின் பஞ்சநாமா, இரண்டிலும் "விழுந்தார்" என்றா, "கடக்கும்போது அடிபட்டார்" என்றா? பஞ்சநாமா எழுதும்போது நம்மில் ஒருவராவது அங்கே நிற்க வேண்டும். கூட வந்த பயணி இருந்தால் அவருடைய பெயரும் போன் நம்பரும் அன்றைக்கே வாங்கிவிட வேண்டும். பிரேதத்தில் டிக்கெட் கிடைக்கவில்லை என்பார்கள். ஆள் விழுந்து சிதறியபோது சட்டைப் பையில் சீசன் டிக்கெட் பத்திரமாக இருக்குமா? போனில் எடுத்த டிக்கெட் போனோடு போயிற்று. 2018 மே மாதம் ரீனா தேவி வழக்கில் இதற்கு முடிவு கட்டினார்கள். டிக்கெட் இல்லாததாலேயே அவர் பயணி இல்லை என்று ஆகாது. குடும்பத்தார் விவரங்களோடு பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும், இல்லை என்று காட்டும் பொறுப்பு ரயில்வேயின் மேல் போகும். கெடு ஒரு வருஷம். தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம்.

கருணைத் தொகை வேறு, நஷ்டஈடு வேறு. விபத்து நடந்த மறுநாள் மந்திரி அறிவிப்பது கருணைத் தொகை. ரயில்வே 2023 செப்டம்பரில் விபத்துச் சாவுக்கு இதை 50,000இலிருந்து 5 லட்சமாக உயர்த்தியது. வாங்கிக்கொள்ளுங்கள், அதை வாங்கியதால் வழக்குரிமை போகாது. அது வந்துவிட்டதே என்று டிரிபியூனலுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். அதேபோல எல்.ஐ.சி. பணம், பிராவிடண்டு பண்டு வந்தால் மோட்டார் நஷ்டஈட்டில் கழிக்கலாமா என்ற கேள்வி மகாராஷ்டிர ஸ்டேட் டிரான்ஸ்போர்ட் வழக்கில் எழுந்து, கழிக்கக்கூடாது என்று 1998இல் தீர்ந்துவிட்டது. பாங்கிப் பாஸ்புக்கையும் புரட்டிப் பாருங்கள். வருஷத்துக்கு 20 ரூபாய் கழிந்திருந்தால் அது பிரதமர் பெயரிலுள்ள விபத்து இன்ஷூரன்ஸ். சாவுக்கு 2 லட்சம். பல குடும்பங்களுக்கு அது கழிவதே தெரியாது.

ஆனால் ஒரே சாவுக்கு இரண்டு சட்டத்தில் முழுத் தொகை வாங்க முடியாது. லாரி டிரைவர் வேலையில் இறந்தால் மோட்டார் டிரிபியூனலா, தொழிலாளர் அதிகாரியா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மனுவைப் போடும் முன் இரண்டு கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

வெளியூரில் பிழைக்கும் நமக்கு மிக முக்கியமான விஷயத்தைக் கடைசியில் வைத்திருக்கிறோம். ஆள் இங்கே இறக்கிறார். இரண்டு மாதத்தில் மனைவி பிள்ளைகளோடு கோலியைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போய்விடுகிறார். மும்பைக் கோர்ட்டுக்கு யார் அலைவது, மராத்தியும் இந்தியும் யாருக்குத் தெரியும் என்று விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை. மோட்டார் மனுவை, கேட்கிறவர் குடியிருக்கும் இடத்து டிரிபியூனலில் போடலாம். தொழிலாளர் நஷ்டஈட்டையும் அப்படியே. ரயில்வே மனுவைக்கூட, குடும்பம் தமிழ்நாட்டில் இருந்தால், சென்னையில் உள்ள டிரிபியூனல் அமர்வில் போடலாம். இங்கே நாம் செய்ய வேண்டியது, காகிதங்களைத் திரட்டி அங்கே அனுப்புவது. அந்தத் திருநெல்வேலிச் சகோதரியின் மனுவும் ஊரிலேயே போடப்பட்டிருக்கிறது.

வக்கீல் விஷயம். "வந்ததில் மூன்றில் ஒரு பங்கு" என்று பேசுகிறவரிடம் போகாதீர்கள். ஜெயித்ததில் பங்கு கேட்பது வக்கீல்களின் சொந்த விதிகளுக்கே விரோதம். 1987ஆம் வருஷத்துச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாயிருந்தாலும், இலவசமாக வக்கீல் உண்டு. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் உண்டு. ஒவ்வொரு ஜில்லாக் கோர்ட்டிலும் இதற்கு ஆபீஸ் இருக்கிறது. அங்கே கிடைக்கிற வக்கீல்கள் எல்லோரும் சுறுசுறுப்பானவர்கள் என்று சொல்ல மாட்டோம். நாம் கூடப் போய் உட்கார்ந்தால் சுறுசுறுப்பு வரும்.

கூட்டம் முடியும் முன் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் கிளை அறையில் மூன்று தோழர்கள் இருப்பார்கள். கொண்டுவர வேண்டியவை: எஃப்.ஐ.ஆர். அல்லது ரயில்வே போலீசின் விபத்துச் சாவுப் பதிவு, பஞ்சநாமா, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், வயதுக்கு ஏதாவது ஆதாரம், பாங்கிப் பாஸ்புக். ஊர்த் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றுக்கு உடனே எழுதிப் போடச் சொல்லுங்கள். அதுதான் எல்லாவற்றிலும் தாமதமாக வருகிறது. யாரிடமாவது கையெழுத்தோ கைநாட்டோ வைத்துக் கொடுத்திருந்தால், அந்தக் காகிதத்தின் படத்தையும் கொண்டுவாருங்கள். அசலை யாரிடமும் கொடுக்க வேண்டாம், எங்களிடமும் வேண்டாம். ஜெராக்ஸ் போதும்.